பிரிவது என்று முடிவான பிறகு: குடும்பங்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

என் தங்கை தன் நான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்த மாலையில் அவள் கையில் ஒரு கட்டைப்பை மட்டுமே இருந்தது. பையனுடைய இரண்டு சட்டைகள், ஒரு தண்ணீர் பாட்டில், கைப்பேசி சார்ஜர் ஆகியவை அதில் இருந்தன. பையனுக்கு இரவில் இளைப்பு வந்தால் கொடுக்க வேண்டிய இன்ஹேலர் இல்லை. அன்று நள்ளிரவில் திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடி அப்பா ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றினார். அவளுடைய பட்டச் சான்றிதழ்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் புகுந்த வீட்டு பீரோவுக்குள் இருந்தன. அடுத்த எட்டு மாதங்களில் நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி, அந்த பீரோவில் இருந்த காகிதங்களுக்காகவே.

மணமுறிவு என்ற சொல் வீட்டில் விழுந்தவுடன் எல்லோரும் முதலில் வக்கீலைத் தேடுகிறார்கள், அடுத்து நகையைப் பற்றிப் பேசுகிறார்கள், குழந்தையின் பள்ளிக்கூடம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் செலவும் குறையும், கசப்பும் குறையும் என்பது எங்கள் வீட்டு அனுபவத்திலும், குடும்ப நல நீதிமன்றத் தாழ்வாரத்தில் வாய்தாவுக்காகக் காத்திருந்த நாள்களில் பிறரிடம் கேட்டறிந்ததிலும் நான் கண்டுகொண்டது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களுக்குப் பொருந்தும். மற்ற சமயத்தாருக்கு விதி மாறும் இடங்களைச் சுருக்கமாகச் சுட்டியிருக்கிறேன்.

அடி இருக்கும் வீட்டுக்கு வேறு வழி

நிதானமாகப் பேசுங்கள், பட்டியல் போடுங்கள் என்று நான் சொல்லப்போகும் எதுவும், அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே முதல் வேலை பத்திரமான இடத்துக்குப் போவதுதான். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்தில் 112. காயம் சிறிதாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லி அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். பிற்காலத்தில் ஆயிரம் வார்த்தைகளில் விளக்க முடியாததை அந்த ஒரு தாள் விளக்கிவிடும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், வழக்குப் பதிவாகாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது பெறாமல் திரும்பக் கூடாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், கணவனோடு குடியிருந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதனால் நீ வெளியேறு என்று சொல்வதை இனி அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உறவினர் பெயரில் இருந்தாலும் அது இருவரும் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே வசிப்பதற்கான உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதற்கு மனு எழுத உதவுவதற்கென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம் அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

குழந்தையிடம் யார் சொல்வது, எதைச் சொல்வது

அடுத்தது குழந்தை. முடிவு உறுதியான பிறகு, முடிந்தால் தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். ‘அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார்’ என்று சமாளிப்பது நம் வீடுகளில் வழக்கம். பக்கத்து வீட்டுப் பையன் உண்மையைப் போட்டு உடைக்கும் நாள்வரைதான் அது செல்லும். நாங்களும் இரண்டு மாதம் அப்படிச் சொல்லிப் பார்த்தோம். பையன் ஒருநாள், ‘வெளியூர்ல போன் இல்லையா, அம்மாச்சி?’ என்று கேட்டபோது அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. சிறு குழந்தைக்குக் காரணம் தேவையில்லை; எங்கே தூங்குவேன், யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார், அப்பாவை எப்போது பார்ப்பேன், இது என்னால் வந்ததா என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை தெரிந்தால் போதும். கடைசிக் கேள்வியைக் குழந்தை வாய்விட்டுக் கேட்காது. ஆகவே கேட்காமலேயே, இது உன்னால் வந்ததில்லை என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். அவர்களிடம் பொய் சொல்லக் கூடாது, ஆனால் வழக்குக் கட்டைப் பிரித்துக் காட்டவும் கூடாது. மனுவில் எழுதப்படும் வாசகங்கள் பெரும்பாலும் வக்கீல் நடையில் உரத்து எழுதப்படுபவை. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டால் அதை அழிக்க எந்த ரப்பராலும் முடியாது. காகிதங்களைப் பூட்டி வையுங்கள், கைப்பேசியில் வக்கீலோடு பேசும் உரையாடல்களையும் பூட்டி வையுங்கள்.

சட்டத்தின் நிலை இது: 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்கும். அதற்கு மேற்பட்ட வயதில் யாருக்கு உரிமை என்பதைவிடக் குழந்தைக்கு எது நலம் என்பதையே நீதிமன்றம் பார்க்கும்; விவரம் தெரிந்த குழந்தையானால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்டறிவார். ஆக, ‘ஆண் பிள்ளை அப்பன் வீட்டுக்கே’ என்று பெரியவர்கள் கூடத்தில் போடும் தீர்ப்புக்கு மதிப்பில்லை. அதேபோல், தாயிடம் குழந்தை இருப்பதால் தகப்பனுக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதற்கும் மதிப்பில்லை. ஜீவனாம்சம் வராததற்குப் பழிவாங்கக் குழந்தையை மறைப்பதும், குழந்தையைக் காட்டாததற்குப் பழிவாங்கப் பணத்தை நிறுத்துவதும் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் பலவீனப்படுத்தும். இவை இரண்டும் தனித்தனிக் கடமைகள்.

உடன்படிக்கையில் சந்திப்பு பற்றி எழுதும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘தந்தை குழந்தையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ‘அவ்வப்போது’ என்ற சொல்லுக்கு ஒருவர் வாரம் என்று பொருள் கொள்வார், மற்றவர் வருடம் என்று பொருள் கொள்வார். எங்கள் சமரசப் பேச்சில் இருந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டு எழுதிய வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் காலை 10 மணிக்குக் குழந்தையின் தாய்வழிப் பாட்டி வீட்டு வாசலில் தந்தை குழந்தையைப் பெற்றுக்கொள்வார், மறுநாள் மாலை 6 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைப்பார். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் குறுஞ்செய்தி அனுப்புவார். குழந்தைக்கு உடல்நலமில்லையெனில் அந்தச் சந்திப்பு அடுத்த சனிக்கிழமைக்கு மாறும், ரத்தாகாது. மற்ற நாள்களில் இரவு 7.30 முதல் 8 மணிக்குள் ஒரு முறை காணொளி அழைப்பு உண்டு.’ படிக்கும்போது ரயில் அட்டவணைபோல் இருக்கிறது என்று என் தங்கை கணவர் அப்போது முகம் சுளித்தார். ஆறு ஆண்டுகளாக அந்த அட்டவணைதான் இரு வீட்டுக்கும் சண்டையில்லாமல் ஓடுகிறது. இரு வீட்டிலும் ஒவ்வோர் இன்ஹேலர் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி.

பண்டிகைகளையும் அதே கறார்த்தன்மையோடு எழுதிவிடுங்கள். தீபாவளி ஒரு வருடம் இங்கே என்றால் பொங்கல் அங்கே, மறு வருடம் மாற்றி. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பாதிப் பாதி. கோடை விடுமுறையில் எத்தனை வாரம், எந்தத் தேதியிலிருந்து என்பது வரை. நம் குடும்பங்களில் இன்னொன்று உண்டு, அதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும், பூப்பு நீராட்டுக்கு அத்தையும் வேண்டும், தாய்மாமன் சீரும் வேண்டும். இந்தச் சடங்குகள் ஏதோ ஒரு தரப்பு மட்டும் நடத்திவிட்டால், மற்ற தரப்பு அதை வாழ்நாளுக்கும் மறக்காது. குழந்தைக்கு இன்னும் எந்தச் சடங்கு பாக்கியிருக்கிறது, எங்கே நடக்கும், செலவு யாருடையது, இரு பக்கத்திலிருந்தும் யார் யார் வருவார்கள் என்பதை இப்போதே பேசி எழுதிக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு இரு வீடுகளும் மறுபடி மோதிக்கொண்டதாக நான் கேட்ட கதைகளில், காதுகுத்துப் பத்திரிகையில் யார் பெயர் போடுவது என்பதில் தொடங்கியவை சில இருந்தன.

பள்ளிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழந்தையை அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்கள் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, மதிப்பெண் விவரம் இருவருக்கும் அனுப்பப்பட வேண்டுமா என்பதைத் தலைமையாசிரியருக்குக் கடிதமாகக் கொடுத்து, ஒரு நகலில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், வாயிற்காவலருக்குச் செய்தி போகாததால் குழந்தையைப் பெரியப்பா அழைத்துப் போய்விட, மாலைவரை ஒரு குடும்பமே தெருவில் நின்றது; பெரியப்பாவோ பழைய வழக்கப்படி அழைத்து வந்ததாகத்தான் நினைத்திருந்தார். ஊர் மாறுவதால் பள்ளியும் மாறுமானால், மாற்றுச் சான்றிதழோடு குழந்தையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அடையாள எண்) குறித்துக்கொண்டு, பழைய பள்ளி தன் பதிவிலிருந்து அதை விடுவித்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டித் தொடக்க வகுப்புகளில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைப் பள்ளியில் நினைவுபடுத்த வேண்டிய நிலை வரலாம். சிறாருக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாக இரு பெற்றோரின் ஒப்புதலும் கேட்கப்படும் என்பதால், யார் விண்ணப்பிப்பது, யார் கையில் அது இருப்பது என்பதையும் உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும்.

பீரோவும் சீர் நோட்டும்

காகிதங்களைச் சேகரிப்பது ரகசிய வேலையாக இருக்க வேண்டியதில்லை. இருவரும் பேசும் நிலையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அவரவர் சான்றிதழ்களை அவரவர் எடுத்துக்கொண்டு, பொதுவானவற்றுக்கு இருவரும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் நல்லது. பதிவு செய்யாத திருமணமானாலும் அழைப்பிதழும் திருமணப் படங்களும் மனுவோடு சேர்க்கப் போதுமானவை. ஆதார், பான், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடந்த சில ஆண்டுகளின் வங்கி அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்குகள், வீட்டுப் பத்திரம், கடன் கணக்கு, காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றின் நகல் ஒரு கோப்பிலும், படங்கள் மூன்றாவது ஆள் யாரும் திறக்க முடியாத மின்னஞ்சலிலும் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், வங்கிச் செயலியின் ரகசிய எண்ணையும் அன்றே மாற்றுங்கள். பல வீடுகளில் இவை இருவருக்கும் தெரிந்தவை.

நகை விஷயத்தில் நினைவாற்றலை நம்பக் கூடாது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போட்ட நகையும், திருமணத்தின்போது அவளுக்கென்று வந்த பரிசுகளும் அவளுடைய தனிச் சொத்து. அவற்றைக் கணவனோ மாமியாரோ பாதுகாப்புக்காக வைத்திருந்தாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் எத்தனை பவுன் என்ற கேள்விக்கு இரு வீட்டிலும் இரு விடை இருக்கும். அப்போதுதான் அம்மாவின் அலமாரியில் கிடக்கும் பழைய சீர் நோட்டு உதவும். எங்கள் வீட்டு நோட்டில், ‘ஆரம் ஒன்று, 5 பவுன், பில் பின்னால்’ என்று அம்மா பென்சிலில் எழுதி, நகைக்கடை ரசீதைப் பக்கத்தோடு குத்தி வைத்திருந்தார். ஒரு வாரம் நீடித்த வாக்குவாதம் அந்த ஒரு பக்கத்தில் முடிந்தது. நோட்டு இல்லாதவர்கள் திருமணக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பட்டியல் எழுதலாம். கூட்டு வங்கிப் பெட்டகம் இருந்தால் இருவரும் சேர்ந்தே திறந்து, எடுத்ததை எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் முந்திக்கொண்டு தனியாகத் திறப்பது, எதுவும் எடுக்காவிட்டாலும் பழியைக் கொண்டுவரும்.

பணம்

ஜீவனாம்சம் கேட்பது மனைவிக்கு மட்டுமான உரிமை என்பது பொதுவான எண்ணம். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வருமானமில்லாத தரப்பு கணவனாக இருந்தாலும் இடைக்காலப் பராமரிப்புக் கேட்க இடம் தருகிறது. மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோர் பராமரிப்புக் கோரிவந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. பழைய எண்ணையே சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் உலவுகின்றன. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, பராமரிப்புக் கோரும் வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை, மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும். இதில் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது ஒரு கலை என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வங்கி அறிக்கை எதிர்த் தரப்பின் கையில் இருக்கும்போது அந்தக் கலை கைகொடுப்பதில்லை.

மாதச் செலவைக் கணக்கிடும்போது ஒரு வருடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஜூனில் கல்விக் கட்டணமும் சீருடையும், தீபாவளிக்குத் துணி, பள்ளி வாகனம், பல் மருத்துவர், டியூஷன் என்று எழுதிப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் எண்ணுக்கும், வாயில் வந்ததைச் சொல்லும் எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். குழந்தைக்கான தொகையைத் தாய்க்கான தொகையிலிருந்து பிரித்து எழுத வேண்டும். தாய் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். குழந்தைக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை. ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும் என்பதையும் குறித்துவிட்டால், ஒவ்வொரு வருடமும் மறுபடி கையேந்த வேண்டிய நிலை வராது. பணம் ரொக்கமாகக் கைமாறாமல் வங்கி வழியே போகட்டும். கொடுத்தவருக்கும் அதுவே சாட்சி.

வீட்டுக்கடன் விஷயம் பலரை ஏமாற்றுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய கடனை இனிக் கணவனே கட்டுவார் என்று உடன்படிக்கையில் எழுதினாலும், வங்கியைப் பொறுத்தவரை இருவருமே கடனாளிகள்தாம். அவர் தவணை தவறினால் இவருடைய கடன் மதிப்பெண்ணும் விழும். ஆகவே வங்கிக்கு எழுதி ஒருவர் பெயரை விடுவிக்கவோ, கடனை ஒருவர் பெயருக்கு மாற்றவோ, வீட்டை விற்றுக் கடனை அடைக்கவோ வேண்டும். இதில் ஏதேனும் ஒன்று நடந்து முடியும்வரை வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. வீட்டை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதாக முடிவானால் பத்திரப் பதிவை எப்போது வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே ஆவண எழுத்தரிடம் கேளுங்கள்: குடும்பத்தினருக்குள் எழுதப்படும் தானசெட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மிகக் குறைவு, தீர்ப்பு வந்தபின் அவர்கள் ஒரே குடும்பத்தினராகக் கருதப்படுவார்களா என்பது கேள்விக்குறி. நம் நாட்டில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தெல்லாம் தானாகவே பாதிப் பாதி என்ற சட்டம் கிடையாது. எனினும் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்க்கையில் பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டிருப்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டலாம்.

இருபது ரூபாய்ப் பத்திரம் மணமுறிவு ஆகாது

இனி மனு. பஞ்சாயத்தில் பெரியவர்கள் முன்னிலையில், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘இன்று முதல் எனக்கும் அவருக்கும் எவ்வித உறவும் இல்லை’ என்று விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி முடித்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ஒரு சமூகத்தில் காலங்காலமாக இருந்துவரும் மணமுறிவு வழக்கத்தை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் இருந்ததை நீதிமன்றத்தில் சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாத பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டால் முதல் திருமணம் உயிரோடிருக்கிறது என்றாகி, இரண்டாம் திருமணம் செல்லாமல் போவதோடு இருதார மணக் குற்றமும் வந்து சேரும். சுயமரியாதைத் திருமணமும் 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி முழுமையான சட்டத் திருமணமே என்பதால், தாலி கட்டவில்லை, ஐயர் வரவில்லை என்று சொல்லி அதிலிருந்து வாய்மொழியாக வெளியேறிவிட முடியாது.

இருவரும் ஒப்புக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனுதான் குறுகிய வழி. திருமணமாகி ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும், ஓராண்டாகப் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்தல் என்பது வேறு வேறு வீடு என்று பொருளல்ல. வாடகைக்கு வழியில்லாமல் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் போதும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுத்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மீண்டும் ஆஜராகி உறுதிசெய்ய வேண்டும். நீண்ட காலமாகப் பிரிந்திருந்து, சமரச முயற்சியும் தோற்று, பணம், குழந்தை ஆகியவற்றில் உடன்பாடும் ஏற்பட்டிருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இடைப்பட்ட காலத்தில் யாரும் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், மொத்தத் தொகையை முதல் நாளே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும் மீதியை இறுதி வாக்குமூலத்தின்போதும் கொடுப்பதாக எழுதுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் காவல் நிலையத்தில் ‘வாபஸ்’ எழுதிக் கொடுப்பதோடு அது தீராது. உயர் நீதிமன்றத்தில் ரத்துசெய்ய மனுப் போட வேண்டும், அதன் செலவு யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மனுவைத் திருமணம் நடந்த ஊரிலோ, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ, எதிர்த் தரப்பு வசிக்கும் ஊரிலோ தாக்கல் செய்யலாம். மனைவி மனுதாரரானால் தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். நீதிமன்றத்திலிருந்து வரும் சம்மனை வாங்க மறுப்பது வீரம் என்று நினைக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மறுத்தால் வழக்கு நிற்காது, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு அனுப்பும்போது அதை வெறும் சடங்காகக் கருதாமல், குழந்தை அட்டவணையையும் செலவுக் கணக்கையும் கையோடு கொண்டுபோனால் அந்த அறையிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தின் கிளைகள் இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் உள்ளன. அங்கே பேசுவது வழக்கில் சாட்சியமாகாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டமும் பொருந்தும். இரண்டிலும் பரஸ்பர சம்மத வழி உண்டு, காத்திருக்கும் காலத்தை மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலய விவாக ரத்து வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு. இஸ்லாமியப் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே தீர்ப்பு வாங்கி அஞ்சலில் அனுப்பினால், நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைக் கொண்டு தரப்பட்ட அந்தத் தீர்ப்பை இங்கே ஏற்க வேண்டியதில்லை என்பது 1991 முதல் உறுதியான நிலை. அதற்காக அந்த அறிவிப்பைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடவும் கூடாது.

பெற்றவர்கள் செய்யக்கூடியது

இரு பக்கத்துப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்துக்கு ஒருவர் மட்டும் பேசுங்கள், அவர் குரல் உயர்த்தாதவராக இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அது நாளை அச்சடிக்கப்பட்டு வழக்கில் ஆவணமாக வந்து நிற்கும். மகளோ மகனோ திரும்பி வந்த வீட்டில் முதல் மாதம் கேள்வி கேட்காமல் சோறு போடுவதே பெரிய உதவி. ‘பேரன் எங்களையே மறந்துவிடுவான்’ என்று அப்பத்தா அழுதபோது, சந்திப்பு நாளில் அவர் வீட்டுக்கும் அவனை அழைத்துப்போகலாம் என்று எழுதிச் சேர்த்தோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு மாமியார் வீட்டிலிருந்து சான்றிதழ்கள் அடங்கிய உறை தானாக வந்து சேர்ந்தது. கணக்குப் பார்த்தால், அந்த உறைக்காக நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்கள் மூன்று.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. பரஸ்பர சம்மதத் தீர்ப்பானாலும் மறுமணத் தேதியை வழக்கறிஞரிடம் கேட்டே குறியுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் வாரிசு நியமனம் எதுவும் தீர்ப்போடு தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டிலிருந்து மனைவியின் பெயர் விழுந்துவிடும் என்பதால், தீர்ப்புக்கு முன்பே அவர் தனக்கென ஒரு காப்பீடு எடுத்திருந்தால் இடைவெளி வராது. குழந்தையின் பெயர் அந்த அலுவலகக் காப்பீட்டிலேயே தொடரலாம். அதன் அட்டை நகல் குழந்தை வசிக்கும் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒப்புக்கொண்ட தொகை வராவிட்டால் நிறைவேற்று மனுப் போடலாம். குழந்தை வளர்ந்து நிலைமை மாறினால் பொறுப்பு, சந்திப்பு பற்றிய உத்தரவையும் மாற்றக் கோரலாம்; அது என்றைக்குமான எழுத்து அல்ல. எங்கள் வீட்டில் ஒவ்வொரு மே மாதக் கடைசி வாரத்திலும், பள்ளி திறக்கும் முன், இருவரும் ஒரு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து புதிய வருட நாள்காட்டியில் சனிக்கிழமைகளை வட்டமிட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இந்த வருடம் பையனும் உடன் போயிருந்தான். தன் கால்பந்துப் பயிற்சி நாள்களை அவனே வேறு நிறத்தில் குறித்துக்கொண்டு வந்தான்.